கறுப்பனை நான்தான் கெடுத்தேன்

அன்புள்ள சூரியப்புள்ளிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பெரியவளுக்கு வேலை மாறிவிட்டது. சின்னவள் இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள், முழுநேரமும் என்னை அதட்டுவதற்காக. உன் முட்டிவலியைப் பற்றி நெட்டையன் சொன்னான். மாடிப்படி ஏறாதே என்றால் நீ கேட்கப்போவதில்லை, அதனால் சொல்லவில்லை. விசாரிப்பு இத்தோடு முடிந்தது.

நீ மூன்று தடவை எழுதியும் எட்டு மாதமாக நான் பதில் போடவில்லை. வேலை, உடம்பு என்று ஏதாவது சாக்குச் சொல்லலாம்தான். உண்மைக் காரணம் கறுப்பன், உன் பழைய சிற்றலை ரேடியோ. வீடு மாறும்போது "தூக்கிப் போட மனசு வரலைடா, உன்கிட்டயே இருக்கட்டும்" என்று அட்டைப்பெட்டியோடு என் தலையில் கட்டினாயே, அன்றிலிருந்து அதைத் திறக்கவும் முடியாமல் மூடவும் முடியாமல் இருந்தேன். திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. போன மாதம் திறந்துவிட்டேன். இப்போது கறுப்பன் பாடுகிறான், முன்னைவிட நன்றாகவே. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், அதற்குத்தான் இவ்வளவு நாள் ஆனது.

முதலில் உன் பாவத்தைச் சொல்கிறேன், என்னுடையதை அப்புறம். பேட்டரி செல்லைக் கழற்றாமல் வைத்திருந்தாயே, பாவி! நாலும் உள்ளேயே இருந்தன. பின்மூடியைத் திறந்தால் வெள்ளையாகப் பொடி பூத்து, ஸ்பிரிங் எல்லாம் பச்சையும் நீலமுமாகக் கரைந்து, ஒரு செல் பெட்டியோடு பெட்டியாக ஒட்டிப்போயிருந்தது. ஆல்கலைன் செல் கக்குவது காரம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. தண்ணீர் விட்டுத் துடைத்தால் போகாது, வினிகரைப் பஞ்சில் தொட்டு வைக்க வேண்டும். வைத்ததும் நுரைத்துக்கொண்டு கிளம்பியது. அப்புறம் ஆல்கஹால் விட்டுத் துடைத்து ஒரு நாள் காயப்போட்டேன். ஸ்பிரிங்கை மாற்றிப் புது செல் போட்டும் உயிர் வரவில்லை. தேடித் தேடிக் கடைசியில் பார்த்தால் அந்தக் காரம் மைனஸ் கறுப்பு வயருக்குள் புகுந்து, பிளாஸ்டிக் உறைக்கு அடியிலேயே நாலு அங்குலம் ஏறிப்போயிருக்கிறது. வெளியே பார்க்க வயர் புதுசு மாதிரி இருக்கும், உரித்தால் உள்ளே கம்பி முழுக்கக் கறுத்த தூள். இருபத்தைந்து வருஷம் யாரும் பார்க்காத நேரத்தில் அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. வயரை மாற்றினேன், திரை எரிந்தது.

எரிந்தது என்றால், ஒரு மாதிரி எரிந்தது. மெகாஹெர்ட்ஸ் இலக்கத்தில் மேலே வலப்பக்கக் கோடு மட்டும் வரவில்லை. 9 அழுத்தினால் 5 தெரிகிறது, 8 அழுத்தினால் 6. ரேடியோ சரியான இடத்தில்தான் நிற்கிறது, பொய் சொல்வது திரை மட்டும். (ஸ்டேஷன் நன்றாகக் கேட்டது என்று எழுதிப் போட்டு அத்தாட்சி அட்டை வாங்குவாயே, அந்த உன் க்யூ.எஸ்.எல். கடிதங்கள் ஞாபகம் வந்தன.) திரைக்கும் போர்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர் பட்டை இருக்கிறது, வரிக்குதிரை மாதிரி. கரண்ட் கடத்துகிற கோடு ஒன்று, கடத்தாத கோடு ஒன்று என்று மாறி மாறி, தலைமுடிக் கனத்தில். அதில் எங்கோ ஒரு துளி அழுக்கு. எடுத்து ஆல்கஹாலில் துடைத்து மறுபடி வைத்தேன், 9 திரும்ப 9 ஆகிவிட்டது. இந்த முழு வேலையில் முதல் தடவையிலேயே சரியானது அது ஒன்றுதான்.

சத்தம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. வால்யூமை முழுக்கத் திருகினாலும் காதை ஒட்டி வைத்துத்தான் கேட்க வேண்டும். இது யாருடைய பாவமும் இல்லை, காலத்தின் பாவம். 80களில்தான் கன்டென்சர்களை, அதாவது மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற பாகங்களை, நீளக் காலில்லாமல் போர்டின் மேலேயே உட்காரவைக்க ஆரம்பித்தார்கள், குட்டிக் குட்டித் தகர டப்பாக்களாக. அந்தத் தலைமுறை டப்பாக்களில் ஏகப்பட்டது அடியில் கசியும். கசிந்த திரவம் போர்டின் தாமிரத்தையும் தின்னும். பழுதா என்று பார்க்க மீட்டர்கூட வேண்டாம், சூடான சால்டரிங் அயர்னை அதன் முனையில் வைத்தால் மீன் வாடை வரும். நான் பதினேழு மாற்றினேன், பதினேழிலும் வந்தது. வீட்டில் இரண்டு நாள் யாரும் என் அறைப் பக்கம் வரவில்லை. ஒரு டப்பாவை எடுக்கும்போது அதற்கு அடியிலிருந்த தாமிரத் திட்டு கையோடு உரிந்து வந்துவிட்டது. கண் தெரியாத வயசில் இதெல்லாம் தேவையா என்று அயர்னை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் வயரிலிருந்து ஒரு இழையைப் பிரித்துப் பாலம் போட்டேன்.

நீ இதை எப்போதாவது செய்வாயானால் (மாட்டாய்) ஒன்று சொல்லி வைக்கிறேன். பழைய அலுமினிய டப்பாவில் கறுப்புப் பட்டை எந்தப் பக்கமோ அது மைனஸ். டான்டலம் கன்டென்சரில் பட்டை எந்தப் பக்கமோ அது பிளஸ். இப்படி ஏற்பாடு செய்தவன் எவனாக இருந்தாலும் அவன் நம் வாத்தியாரிடம் படித்திருந்தால் முட்டிபோட்டிருப்பான். நான் மாற்றாகப் போட்டது டான்டலம், எனக்கு இது தெரியும். தெரிந்தும், பதினான்காவதை வைக்கும்போது சின்னவள் என்னவோ கேட்க, பழைய பழக்கத்தில் கை திருப்பி வைத்துவிட்டது. சப்ளையைப் போட்டதும் 'பட்' என்று ஒரு சத்தம், ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொறி, புகை. மேஜையில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாத்தியார் உயிரோடு இருந்தால் "கரண்ட் லிமிட் வெச்சியாடா?" என்று கேட்டிருப்பார். வைக்கவில்லை சார்.

சரி, இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது.

சத்தம் வந்துவிட்டது. எஃப்.எம். கணீரென்று கேட்கிறது. சிற்றலையில் மட்டும் செவிடு. பலமான ஸ்டேஷன் இரண்டு மூன்று தூரத்தில் முனகும், மற்றபடி வெறும் உஸ். உனக்கு இது புதிதில்லை, 1993-லிருந்து நீ பார்த்த அதே நோய். நான் ஏரியலைக் கையால் தொட்டுப் பார்த்தேன், சத்தம் கூடவில்லை. ஒரு துண்டு வயரை எடுத்து, ஏரியலுக்கு அடுத்து இருக்கிற முதல் எஃப்.இ.டி.யை (ஏரியலில் வருவதைப் பெருக்குகிற டிரான்சிஸ்டர்) தாண்டி, அதற்குப் பிறகு வரும் காயிலின் முனையில் வைத்தேன். மடை திறந்த மாதிரி ஸ்டேஷன்கள். ஆக, செத்தது அந்த ஒரு எஃப்.இ.டி. மட்டும்தான். மிளகு அளவு. அது எப்போது செத்தது, எத்தனை மணிக்குச் செத்தது என்றுகூட என்னால் சொல்ல முடியும்.

நீ பயிற்சிக்குப் போன அந்த இரண்டு மாதம் கறுப்பனை என்னிடம் விட்டுவிட்டுப் போனாய். "உள் ஏரியலே போதும், வயர் எதையும் மாட்டாதே" என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். நான் மொட்டை மாடியிலிருந்து எதிர்வீட்டு மாடிக் கம்பம் வரைக்கும் இருபது மீட்டர் தாமிரக் கம்பி இழுத்து மாட்டினேன். அந்த ஆறு வாரம் நான் கேட்ட ஸ்டேஷன்களை நீ கேட்டதே இல்லை, சத்தியமாக. ஒரு நாள் சாயங்காலம் மேகம் கட்டியது. மின்னல் எங்கோ தூரத்தில்தான். கம்பியைக் கழற்ற வேண்டும் என்று தெரியும், ஆனால் 31 மீட்டர் சிற்றலை பேண்டில் ஒரு ஸ்டேஷன் அடையாளம் சொல்ல இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது, அதைக் கேட்டுவிட்டுக் கழற்றலாம் என்று உட்கார்ந்திருந்தேன். சொடுக்குப் போட்ட மாதிரி 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மின்னல் மேலே விழ வேண்டியதே இல்லையடா. மேகம் தலைக்கு மேல் நகர்ந்தாலே அவ்வளவு நீளக் கம்பியில் நூற்றுக்கணக்கான வோல்ட் சேர்ந்துவிடும், மிளகு அளவு எஃப்.இ.டி. எம்மாத்திரம்.

நீ திரும்பி வந்தாய், நான் கொடுத்தேன், ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நீ அடுத்த வாரமே ஒரு பத்திரிகையோடு வந்து, சூரியன்மேல் புள்ளிகள் கூடிக் குறைகிற சூரியப்புள்ளி சுழற்சி இறங்குமுகத்தில் இருக்கிறது, பதினோரு வருஷச் சுழற்சி, 1996-இல் அடிமட்டம், அதுவரைக்கும் சிற்றலை இப்படித்தான் இருக்கும், அப்புறம் தானே சரியாகிவிடும் என்று எல்லோருக்கும் வகுப்பு எடுத்தாய். அதில் விஷயம் எல்லாம் சரி, அதுதான் கொடுமை! சிற்றலையைத் தரைக்குத் திருப்பி அனுப்புகிற அயனமண்டலம் மெலிகிறது, 13 மீட்டர், 16 மீட்டர் எல்லாம் அடங்கிவிடுகிறது, ஒரு வார்த்தை தப்பில்லை. ஆனால் சூரியன்மேல் எவ்வளவு பெரிய பழி. 1996 போனது. 2000 வந்தது, சுழற்சி உச்சத்துக்கு ஏறியது, ஊரில் உள்ள ரேடியோ எல்லாம் அலறுகிறது, கறுப்பன் மட்டும் முனகுகிறான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அதற்குள் நீ நெட்டையன்மேல் திருப்பிவிட்டாய், சுற்றுலாவுக்கு எடுத்துக்கொண்டு போய்க் கீழே போட்டிருப்பான் என்று. அவனும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு பெயரும் வைத்தேன் உனக்கு, சூரியப்புள்ளி என்று. நீ இத்தனை வருஷம் அதைச் செல்லப் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

இதை எழுதிவிட்டு எழுந்து ஒரு நடை போய்விட்டு வந்தேன்.

அந்த எஃப்.இ.டி. இப்போது கிடைப்பதில்லை. என் டப்பாவில் பி.எஃப்.245ஏ இரண்டு கிடந்தது, அதுவும் இப்போது வழக்கொழிந்த சரக்குதான். அதில் ஒரு நல்ல குணம், அதன் மூன்று காலில் டிரெய்னும் சோர்ஸும் இடம் மாறினாலும் பரவாயில்லை, கேட் கால் மட்டும் சரியாக இருந்தால் போதும். டான்டலத்தில் சூடு பட்டவனுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று உனக்குப் புரியாது. காலை வளைத்துக் குட்டி போர்டில் பற்றவைத்தேன். ஏரியல் முனையில் இரண்டு 1என்4148 டையோடை எதிரும் புதிருமாகப் போட்டிருக்கிறேன், ஏறக்குறைய 0.6 வோல்ட்டுக்கு மேல் எது வந்தாலும் தரைக்குப் போய்விடும். கூடவே ஒரு மெக்-ஓம் மின்தடை, கம்பியில் சேர்கிற மின்சாரம் மெல்ல வடிந்து போவதற்கு. முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே அந்த இரண்டு டையோடு இருந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

ஸ்டேஷனைத் தனியே பிரித்தெடுக்கிற ஐ.எஃப். காயில்களை நான் தொடவில்லை. தொடக் கை அரித்தது. 455 கிலோஹெர்ட்ஸில் தொழிற்சாலை வைத்த இடத்திலேயே மெழுகு உடையாமல் இருந்தன. இரும்பு ஸ்குருடிரைவரைப் போட்டுத் திருகி ஃபெரைட்டை உடைத்த கதை உனக்கும் தெரியும், யார் உடைத்தது என்றும் தெரியும். அந்தப் பழி மட்டும் நியாயமாக உன்மேல்தான்.

எல்லாம் முடித்து மாட்டி, நல்ல நேரம் பார்க்காத குறையாக சுவிட்சைப் போட்டால், 49 மீட்டரிலிருந்து 16 மீட்டர் வரைக்கும் ஒரே இரைச்சல். ஸ்டேஷன் இருக்கிறது, அதற்கு மேல் தகரத்தை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். எதையோ தப்பாக மாட்டிவிட்டேன் என்று மறுபடி கழற்றினேன், ராத்திரி ஒரு மணி வரைக்கும். கரண்ட் போனது. மேஜை விளக்கு அணைந்தது, செல்லில் ஓடிக்கொண்டிருந்த கறுப்பனில் இரைச்சலும் அணைந்தது. விளக்குதான்டா! எல்.இ.டி. விளக்கும், பக்கத்திலிருந்த போன் சார்ஜரும். 1989-இல் இவன் பிறந்தபோது வீட்டில் இரைவதற்கு என்ன இருந்தது? குழல்விளக்கும் மின்விசிறியும். இப்போது சுவரில் குத்தியிருக்கிற ஒவ்வொரு சதுரப் பெட்டியும் ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர். நாம் "நாய்ஸ் நாலு" (லேசான இரைச்சல்) என்று எழுதிய ராத்திரிகள் எவ்வளவு சுத்தம் என்று இப்போதுதான் தெரிகிறது.

இருட்டில் அப்படியே மாடிக்கு எடுத்துக்கொண்டு போனேன். 10 மெகாஹெர்ட்ஸ், நேரம் காட்டுகிற ஸ்டேஷன். நொடிக்கு ஒரு தட்டல், டிக், டிக், மெல்லத் தேய்ந்து, மெல்ல ஏறி. அரை மணி நேரம் நேரத்தையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வேறொன்றும் தேடவில்லை. அப்புறம் 31 மீட்டர். குரல் மங்கும்போது அடித்தொண்டைக்குப் போய் உருக்குலைந்து, தண்ணீருக்கு அடியில் பேசுகிற மாதிரி ஆகி, திரும்ப மேலே வருமே, அது. நீ பட்டியலிலிருந்து படத்தை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருந்தாயே, சோனி ஐ.சி.எஃப்.-2001டி, 1985-இல் வந்தது, சின்க்ரோனஸ் டிடெக்டர் இருப்பதால் அதில் இந்த உருக்குலைவே பெருமளவு வராது என்று சொல்லிச் சொல்லி ஏங்கினாய். நல்லவேளை நாம் வாங்கவில்லை. எனக்கு அந்தத் தண்ணீர்க் குரல்தான் வேண்டியிருந்தது.

ஆனால் இடம் காலியடா. வரிசையாக விரலை அழுத்திக்கொண்டே போகிறேன், 5 கிலோஹெர்ட்ஸ், 5 கிலோஹெர்ட்ஸ், வெறும் உஸ். நெதர்லாந்தும் கனடாவும் 2012 ஜூனில் ஒரே மாதத்தில் சிற்றலையை விட்டுப் போயின. ஆஸ்திரேலியா 2017 ஜனவரி 31. அதே வருஷம் ஏப்ரல் 30-இல் பி.பி.சி. தமிழோசை, 1941-இல் தொடங்கியது. அன்று ராத்திரி நீ 'முடிந்தது' என்று ஒரே வார்த்தை அனுப்பினாய், நான் அதற்கும் பதில் போடவில்லை. இந்தச் சூரியன் 2024-இல் மறுபடி உச்சத்துக்கு வந்துவிட்டுப் போனது, கதவெல்லாம் திறந்து வைத்த மாதிரி. உள்ளே வருவதற்குத்தான் ஆள் குறைவு. முழுக்கக் காலி என்று சொல்லிவிடாதே, சீனம் இருக்கிறது, வத்திக்கான் இருக்கிறது, மதப் பிரசங்கம் எல்லா மொழியிலும் இருக்கிறது. உட்கார்ந்தால் ஒரு ராத்திரிக்கு இருபது பிடிக்கலாம். முன்பு இருபதுக்கு இரண்டு அங்குல டயல் போதும்.

இன்னொன்று. இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லிவிடுகிறேன். கன்டென்சர் மாற்றியதிலிருந்து சத்தம் கொஞ்சம் மந்தமாகவே எனக்குப் பட்டது. 'ச', 'ஸ' எல்லாம் மழுங்கி. ஆடியோ பக்கம் மூன்று கன்டென்சரைத் திரும்பக் கழற்றி வேறு போட்டேன், ஸ்பீக்கரையே மாற்றிப் பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. மூன்று நாள் கறுப்பனைத் திட்டிக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் சின்னவள் காதைப் பொத்திக்கொண்டு வந்து "அப்பா, அந்த விசிலை நிறுத்துங்க" என்றாள். எந்த விசில்? அருகருகே இரண்டு ஸ்டேஷன், நடுவில் 5 கிலோஹெர்ட்ஸ், அந்த இடைவெளி அப்படியே விசிலாகக் கேட்கும், நம் இருவருக்கும் எத்தனை ராத்திரி தலைவலி கொடுத்த விசில் அது. எனக்குக் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்தேன். இல்லை. அவள் முகத்தைப் பார்த்துத்தான் அது இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

காது டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். 2000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கோடு மேலேயே ஓடுகிறது, 4000-இல் சறுக்குமரம் மாதிரி இறங்கிவிடுகிறது. இரண்டு காதும். பயப்பட ஒன்றும் இல்லை, வயசு, அப்புறம் நிறைய நாள் ஹெட்போன் மாட்டுவீர்களா என்று கேட்டார். முப்பது வருஷம் சார் என்றேன். நீயும் நானும் ஒரே ஹெட்போனை ஆளுக்கு ஒரு காதாகப் பிரித்துக்கொண்டு கேட்டதை அவரிடம் சொல்லவில்லை. நீ இடது காது. தயவுசெய்து போய்ப் பார், இது கிண்டல் இல்லை. போன தடவை போனில் நீ என்னை நாலு முறை "என்ன, என்ன" என்று கேட்டாய், லைன் சரியில்லை என்று இருவரும் சொல்லிக்கொண்டோம். லைன் நன்றாகத்தான் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

கறுப்பனை உனக்கே அனுப்பிவிடலாம் என்று இருக்கிறேன். எனக்கு மனசில்லைதான், ஆனால் உன்னுடையது. செல் இல்லாமல்தான் அனுப்புவேன், கேட்டு முடித்ததும் கழற்றி வை. மேகம் கட்டினால் கம்பியைக் கழற்று, ஸ்டேஷன் அடையாளம் சொன்னாலும் சரி சொல்லாவிட்டாலும் சரி. கோபம் இருந்தால் திட்டி எழுது, இரண்டு பக்கத்துக்குக் குறையாமல். முதல் ராத்திரி கேட்டுவிட்டு ரிப்போர்ட் போடு. அட்டைக்கு ஆசைப்பட்டு எல்லாவற்றுக்கும் சின்போ (எப்படிக் கேட்டது என்பதற்கு ஐந்து இலக்க மதிப்பெண்) 55555 போடுகிற வேலையை என்னிடம் வைத்துக்கொள்ளாதே, என்னிடம் அட்டை கிடையாது.

அன்புடன்,
எதிர்வீட்டுக் கம்பம்

பி.கு.: நெட்டையனிடம் நேற்றே போனில் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நான் கீழே போட்டது எனக்கே நல்லா ஞாபகம் இருக்குடா, பஸ் படிக்கட்டில், வலது பக்கம் விழுந்தது" என்கிறான்.